பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கே, எந்தப் பணத்தில்? வியாசர்பாடி மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமை மாலையானால் வியாசர்பாடியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவேன். பத்தாவது முடித்தவர்கள் முதல் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருப்பவர்கள் வரை வருவார்கள். பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம். ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். தேதியும் தொகையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ரிசல்ட் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரிதானா, டீச்சர்?

மதிப்பெண்ணுக்குத்தான் ரிசல்ட் வர வேண்டும். சான்றிதழுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் (வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கானது) மூன்றையும் அரையாண்டு விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் மட்டும் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை ஏப்ரலில் எடுத்தால் போதும். மே மாதம் ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும். உங்கள் விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரின் மேசையிலிருந்து தாசில்தார் அலுவலகத்துக்கு நகர்வதற்குள் கலந்தாய்வுப் பதிவு முடிந்துவிடும்.

போகும்போது யாருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களோ அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சென்ற டிசம்பரில் ஒரு பையன் எல்லாத் தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒழுங்காக எடுத்துப் போனான். ஓ.டி.பி. அவன் அப்பாவின் எண்ணுக்குப் போனது. அவரோ ஆட்டோவில் கோயம்பேடு சவாரியில் இருந்தார். இவன் கூப்பிடுகிறான், அவர் எடுக்கவில்லை. எடுத்தபோது எண் காலாவதி. மூன்று முறை இப்படி. மையத்துப் பெண் கையை விரித்துவிட்டாள். மறுநாள் அப்பா ஒரு காலைச் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்ற பிறகுதான் வேலை முடிந்தது.

சான்றிதழில் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்பவர் உங்களுக்குப் பணம் தரப்போகிறவர் இல்லை. நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. பத்தாவது மதிப்பெண் சான்றிதழில் "மு. கார்த்திகேயன்" என்றிருக்கும், ஆதாரில் "கார்த்திகேயன் முருகன்", வங்கிப் புத்தகத்தில் வெறும் "கார்த்திக்". நமக்கு மூவரும் ஒரே பிள்ளை, கணினிக்கு மூன்று பேர். பத்தாவது சான்றிதழில் உள்ளதையே மூலமாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துங்கள். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் தயாரிக்கும்போது எழுத்துப் பிழை, பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். பிள்ளைகள் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று படித்தால் பின்னால் ஆறு மாதம் மிச்சம்.

மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு. அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் கணக்காக அதை இணைப்பது வேறு. இரண்டாவதும் ஆகிவிட்டதா என்று வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள். "உதவித்தொகை வரவில்லை" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கேதான் அடைத்திருக்கிறது.

பொறியியல் கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கணக்குக்கு முழு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, ஆக 200. கணக்கில் 92, இயற்பியலில் 78, வேதியியலில் 84 என்றால் 92 + 39 + 42 = 173. தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இந்தக் கணக்கில் வாரா. அதற்காக அவற்றைக் கைவிட்டுவிடாதீர்கள், கலைக் கல்லூரிகளில் அவை பேசும். சி.பி.எஸ்.இ. மாணவர்களின் மதிப்பெண் நம் மாநில வாரியத்தோடு சமன்படுத்தப்பட்டுத்தான் தரவரிசைக்கு வரும். இருவருக்கும் கட்-ஆஃப் ஒன்றே என்றால் முதலில் கணக்கு மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அத்தனையும் சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண், அதாவது கணினி குலுக்கிப் போட்ட எண். கணக்கு டீச்சராக நான் இதில் மகிழ்ச்சியடைவது இயல்புதானே.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி போடலாம்? பெரிய கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகுமா?

வீணாகாது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை பிள்ளைகள் கிடைக்க வேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்கள் தெரியுமா!

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. முன்பு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், பெரிய திரையில் காலியிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே, கூட வந்த மாமா சொன்னதைத் தேர்ந்தெடுப்போம். இப்போது வீட்டிலிருந்தே பட்டியல் போடுகிறோம். உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலாவது காலியாக இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. மேலே ஒரு கனவுக் கல்லூரியைப் போட்டதற்காகக் கீழே உள்ளதை உங்களுக்குத் தராமல் போகாது. ஆகவே "எது கிடைக்கும்" என்று ஊகித்து வரிசைப்படுத்தாதீர்கள். "எது வேண்டும்" என்பதே வரிசை. எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

173 கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு பெண் ஆறே ஆறு இடங்களைப் போட்டாள். ஆறும் கணினி அறிவியல், ஆறும் எல்லோரும் கேட்கும் கல்லூரிகள். அந்தச் சுற்றில் அவளுக்கு ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த தோழி அறுபது போட்டு, பதினெட்டாவதில் இடம் பிடித்தாள். மறுநாள் மாலை மாடிக்கு வந்த அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மீதி இடங்களுக்குப் பின்னால் நடக்கும் துணைக் கலந்தாய்வில்தான் ஒரு வழி பிறந்தது.

முந்தைய ஆண்டு கட்-ஆஃபைப் பார்ப்பதைவிட முந்தைய ஆண்டு தரவரிசை எண்ணைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்தால் கட்-ஆஃப் எகிறும், கடினமாக இருந்தால் சரியும். தரவரிசை அவ்வளவு ஆட்டம் போடாது. கல்லூரிக்குக் குறியீட்டு எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு கல்லூரிகளில் தப்பானது வந்து விழும். எண்ணைத் தாளில் எழுதி, வீட்டில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

இடம் ஒதுக்கப்பட்டதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. "ஏற்கிறேன்" என்றும் சொல்லலாம். "ஏற்கிறேன், ஆனால் என் பட்டியலில் மேலே உள்ளது காலியானால் அதற்கு மாற்றுங்கள்" என்றும் சொல்லலாம். குறித்த நாளுக்குள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இடம் கைவிட்டுப் போகும்.

தொலைவையும் கணக்கில் எடுங்கள். வியாசர்பாடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கமோ தினமும் போய்வருவது விளையாட்டில்லை. தனியார் கல்லூரிகளில் பஸ் கட்டணம் கல்விக் கட்டணத்தில் சேராது. எந்த உதவித்திட்டம் கல்விக் கட்டணத்தைக் கட்டினாலும் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். சேர்வதற்கு முன் அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு என் மகளுக்குக் கிடைக்குமா? அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள்.

கிடைக்காது. சென்னையில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் இங்கே உதவிபெறும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு உண்டு. இந்த உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவை அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் விரிந்தது. இதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. நடுவில் ஓராண்டு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றி, "ஒரு வருடம்தானே" என்று திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வருடம் இதை முழுதாக இழக்கச் செய்துவிடும். எட்டாவது, ஒன்பதாவதில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

உங்கள் மகள் தமிழ்வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

எந்தெந்த உதவித்தொகை இருக்கிறது? எங்களுக்கு எது பொருந்தும்?

பெண் பிள்ளைக்கு முதலில் புதுமைப் பெண். 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் ரூ.1,000, பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். ஆண் பிள்ளைக்கு அதே ஆயிரம், 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். சேர்ந்த கல்லூரியின் வழியாகத்தான் பதிய வேண்டும். முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேளுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித் துறைகளின் உதவித்தொகைகள் இருக்கின்றன.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் இரண்டை யாரும் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒன்று, பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்தினருக்குள் வந்தவர்களுக்கானது: இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சம் வரை. பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைக்கும் இது கிடைக்கும் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? மற்றொன்று பிரகதி. தொழில்நுட்பக் கல்வியில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு, டிப்ளமோ உட்பட, ஆண்டுக்கு ரூ.50,000. குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. வருமான வரம்பு ரூ.8 லட்சம். மாற்றுத்திறனாளிகளுக்கு இதே அளவில் சக்ஷம் என்று ஒன்று இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கென்று இன்னொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதி ஏழை மாணவர்களுக்கு, இணைப்புக் கல்லூரிகளில் கட்டணமில்லா இடம். பெற்றோரை இழந்தவர்கள், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், முதல் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. ரிசல்ட் வந்து சில நாட்களுக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். அதனால்தான் இங்கே பாதிப் பேருக்கு இது முடிந்த பிறகு தெரியவருகிறது.

முதல் பட்டதாரி என்றால் என் அக்கா கல்லூரிக்குப் போனது தடையா?

அக்கா பட்டம் பெற்றிருந்தால் தடைதான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் ஆகிய எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது; வீட்டில் ஒரே ஒருவர்தான் இந்தக் கட்டணச் சலுகையைப் பெறலாம். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே செல்லும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

அண்ணன், தம்பி இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரப்போகிறார்கள் என்றால், யாருடைய படிப்புக்குக் கட்டணம் அதிகமோ அவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் பேசித் தீர்ப்பது கடினம் என்று தெரியும். இரண்டு வீடுகளில் பஞ்சாயத்துக்கு என்னையே அழைத்துப் போனார்கள்.

மகன் இப்போதுதான் பதினொன்றாவது. செய்ய ஏதாவது இருக்கிறதா?

இரண்டு தேர்வுகள். தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு: 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் ரூ.1,500 வீதம் இரண்டாண்டு தருகிறார்கள். பாதி அரசுப் பள்ளிக்கு, மீதி மற்றப் பள்ளிகளுக்கு. தனியார் பள்ளிப் பிள்ளையும் எழுதலாம். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், எந்த வகுப்பில் எழுத வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள்: ஆயிரம் பேருக்கு, இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு ரூ.10,000. இரண்டுக்கும் தனிப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. ஒன்பதாவது, பத்தாவது பாடப்புத்தகங்களைத் தூசு தட்டி ஒருமுறை படித்தால் போதும்.

வீட்டில் படிக்க இடமில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. மகள்களென்றால் போகவரச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட்டும் இல்லை.

எங்களிடம் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. விண்ணப்பத்துக்கு அதுவே போதாதா?

போதாது. மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், அதாவது மத்தியப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவர், ஆனால் வசதி மிக்க பிரிவினர் அல்லர் என்று காட்டும் சான்றிதழ். அதையும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக எடுக்கச் சொல்வார்கள். நம் மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் இல்லை, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு லட்ச வருமான வரம்பைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பினருக்கான பத்து சதவீதம் மத்திய நிறுவனங்களில் உண்டு. தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் இல்லை. இங்கே மொத்த இடஒதுக்கீடு 69 சதவீதம், அதுதான் நடைமுறை.

ஐ.ஐ.டி. என்றதும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு மட்டும் நினைவுக்கு வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். கணக்கில் உண்மையான பித்துப் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வு வினாக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். முப்பதாண்டு கணக்கு நடத்திய எனக்கே சில வினாக்கள் ஒரு இரவு எடுத்தன; அந்த இரவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

உயிரியல் எடுத்தவளுக்கு நீட் தவிர வழியே இல்லையா?

யார் சொன்னார்கள்? மாதவரத்தைத் தலைமையகமாகக் கொண்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறது. வேளாண்மையும் அப்படியே. பார்மசி, துணை மருத்துவப் படிப்புகள் இருக்கின்றன. அறிவியலே வேண்டாம் என்று மனம் மாறினால் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. நீட்டுக்காக இரண்டாவது ஆண்டு வீட்டில் உட்காருவது என்று முடிவெடுத்தால், அதை அவளே எடுக்கட்டும். சித்தப்பா எடுக்க வேண்டாம்.

அரசு கலைக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ஒரே இணைய விண்ணப்பத்தில் பல அரசுக் கல்லூரிகளைக் குறிக்கலாம். கட்டணமும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள்தான். மாநிலக் கல்லூரி, ராணி மேரி, பாரதி மகளிர், காயிதே மில்லத், நந்தனம், நம் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி எல்லாம் இதில் வரும். லயோலா, எத்திராஜ், பச்சையப்பன் போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பம். அவற்றில் "உதவிபெறும் பிரிவு", "சுயநிதிப் பிரிவு" என்று இரண்டு இருக்கும். படிப்பின் பெயர் ஒன்றே, கட்டணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஒருவர் "சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்கிறார்.

வேண்டாம். கலந்தாய்வு இடத்தை யாராலும் வாங்கித் தர முடியாது. நிர்வாக இடத்துக்குக் கல்லூரிக்கே நேரில் போகலாமே, நடுவில் அவர் எதற்கு?

இதையும் கேளுங்கள். என் தங்கை மகனை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தோம். இரண்டு வாரத்தில் அவனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. டி.சி.யைக் கேட்டால், மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிப் போங்கள் என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. அந்த விதியை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகு கொடுத்தார்கள். எதற்கும் எல்லாச் சான்றிதழ்களிலும் பத்துப் பத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா?

உதவித்தொகை எல்லாம் பார்த்த பிறகு, மீதிக்கு. ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள். குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. வங்கி மேலாளரிடம் அந்தத் திட்டத்தை நீங்களாகக் கேளுங்கள்.

ஒரு பாடத்தில் பெயில். வருடம் போய்விட்டதா?

போகவில்லை. துணைத் தேர்வு அடுத்த மாதங்களிலேயே நடக்கும். தேறினால் பொறியியல் துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். பாலிடெக்னிக்குக்குப் பத்தாவது தேர்ச்சி போதும். தரமணியில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டில் சேரலாம். அன்றைக்கு மட்டும் பிள்ளையைத் திட்டாதீர்கள், சோறு போடுங்கள்.

முதலாண்டு பணம் வந்தது. இரண்டாமாண்டு வரவில்லையே, டீச்சர்?

புதுப்பித்தீர்களா? பெரும்பாலான உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், கைப்பேசி எண் மாறியிருக்கும், அரியர் இருக்கும், வருகைப்பதிவு குறைந்திருக்கும். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகையைக் கவனிப்பவர் யார் என்று கேட்டு, அவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள். கீழ்வீட்டில் நாய் இருக்கிறது, குரைக்கும், கடிக்காது.